எட்டு என்று எழுதியிருந்தால் எட்டு அல்ல: பழைய ஹங்கேரியப் பீரங்கி உறைகளை வாசிப்பது

பழம்பொருள் சந்தைகளில் கனமான பித்தளைக் குழல் ஒன்று பூச்சாடி வேஷத்தில் நின்றுகொண்டிருக்கும். புடாபெஸ்டின் எச்செரி சந்தையானாலும் சரி, வியன்னாவின் ஏதோ ஒரு தெருவோரக் கடையானாலும் சரி, விற்பவர் சொல்வது ஏறக்குறைய ஒரே வரிதான்: முதல் உலகப்போர், ஹங்கேரியப் பீரங்கி. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் வட்டமாகச் சில எழுத்துகள், சில எண்கள், நடுவில் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்டத் தகடு. இவை விற்பவர் சொன்னதை உறுதிசெய்கின்றனவா? பல நேரம் இல்லை. உறையை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், எந்தப் பீரங்கிக்காகச் செய்தார்கள் என்பதை அடியில் உள்ள முத்திரை சொல்லும். யார் சுட்டார்கள் என்பதைச் சொல்லாது. ஹங்கேரி விஷயத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முக்கால்வாசித் தவறுகளுக்குக் காரணம்.

முதலில் இந்த உறைக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். பீரங்கியிலிருந்து பறந்து போவது குண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்து இருந்த கூடுதான் உறை. சுட்டதும் உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளைச் சுவர் விரிந்து பீரங்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தீயும் புகையும் பின்பக்கம் கசியாமல் அடைபடும். அழுத்தம் இறங்கியதும் பித்தளை கொஞ்சம் சுருங்கி விட்டுக்கொடுக்கும். உருவி வெளியே போட்டுவிடலாம். இப்படி விரிந்து சுருங்கும் குணத்துக்காகத்தான் சுமார் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையைத் தேர்ந்தெடுத்தார்கள். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி, நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி அழுத்தி, படிப்படியாகக் குழலாக இழுப்பார்கள். கடைசியில் அடிப்பாகத்தைத் தட்டையாக்கி, விளிம்பைக் கடைந்து, முத்திரை குத்துவார்கள். ஆழமாகவும் ஒரே சீராகவும் விழுந்த எழுத்துகள் தொழிற்சாலையில் குத்தியவை. கொஞ்சம் சாய்ந்து, ஆழம் கூடிக் குறைந்து இருக்கும் சின்னக் குறிகள் பெரும்பாலும் பின்னால் சோதனையாளரோ, மறுபடி மருந்து நிரப்பியவரோ கையால் தட்டியவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மறுநிரப்பல் என்பதும் சின்ன விஷயமல்ல. பித்தளை உறை ஒருமுறை சுட்டதோடு தீர்ந்துபோவதில்லை. போர்முனையிலிருந்து திரும்பி வந்து, கழுவி, அளவு சரிசெய்து, புது ப்ரைமரும் (அடியின் நடுவில் மருந்தைப் பற்றவைக்கும் பொத்தான்) புது மருந்தும் ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பும். ஆகவே ஒரே அடியில் இரண்டு மூன்று காலத்து எழுத்துகள் அடுக்கடுக்காக இருக்கலாம். இரண்டு ஆண்டெண்கள் தெரிந்தால் ஒன்று போலி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

எட்டு, எழுபத்தாறரை, எழுபத்தேழு

ஆஸ்திரிய-ஹங்கேரிப் படையின் அடிப்படைக் களப் பீரங்கிக்கு 8 சென்டிமீட்டர் எம். 5 என்று பெயர். எம் என்பது மாதிரி, 5 என்பது 1905. இந்த எட்டைப் பார்த்துவிட்டு அளவுகோலை எடுப்பவருக்கு முதல் ஏமாற்றம் காத்திருக்கும். அந்தப் பீரங்கிக் குழலின் உண்மையான உள்விட்டம் 76.5 மில்லிமீட்டர். அக்காலத்து வியன்னா அலுவலகங்களில் விட்டத்தை முழு சென்டிமீட்டராகச் சுருக்கிப் பெயர் வைப்பது வழக்கம். அதே வழக்கப்படி 72.5 மில்லிமீட்டர் மலைப் பீரங்கி 7 சென்டிமீட்டர் ஆனது. கடற்படையில் இருந்த 66 மில்லிமீட்டர் பீரங்கியும் 7 சென்டிமீட்டர்தான். பெயரில் ஒரே ஏழு. உறைகளோ ஒன்றுக்குள் ஒன்று போகாது.

இதோடு முடிந்திருந்தால் தேவலை. 1918-ல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைந்தது. அதன் பீரங்கிகளை அண்டை நாடுகள் பங்குபோட்டுக்கொண்டன. போரில் கைப்பற்றியதும் பிறகு இழப்பீடாகப் பெற்றதுமாக இத்தாலிக்கு நிறையக் கிடைத்தன. இத்தாலியர்கள் அதே 8 சென்டிமீட்டர் பீரங்கிக்கு 77/28 என்று பெயர் மாற்றினார்கள். முதல் எண் விட்டம். இரண்டாவது, குழலின் நீளம் விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது. செக்கோஸ்லோவாகியா எட்டையே வைத்துக்கொண்டது. பிற்பாடு ஜெர்மானியர்கள் கையில் சிக்கியபோது அது 7.65 சென்டிமீட்டர் ஆனது. ஒரே குழல், ஒரே உறை. வியன்னாவில் 8, ரோமில் 77, பெர்லினில் 7.65. போதாக்குறைக்கு ஜெர்மானியர்களுக்கே சொந்தமாக 77 மில்லிமீட்டர் களப் பீரங்கி ஒன்று உண்டு. அதன் உறை வேறு. இணையத்தில் "77 மில்லிமீட்டர்" என்று மட்டும் போட்டு விற்கும் உறைகளில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன.

10 சென்டிமீட்டர் எம். 14 ஹோவிட்சர், அதாவது குண்டை உயரே வளைவாக வீசும் பீரங்கி, இந்த விஷயத்தில் நேர்மையானது. பில்சன் நகரத்து ஸ்கோடா ஆலையின் தயாரிப்பு. உண்மையிலேயே 100 மில்லிமீட்டர். இத்தாலியில் 100/17 என்று பெயர் பெற்றது. அதன் மேம்பட்ட வடிவத்தைப் போலந்து உரிமம் வாங்கி ஸ்டாரஹோவிட்சேயில் செய்தது. அந்த ஹோவிட்சருக்கான உறையில் இத்தாலிய எழுத்தோ போலிஷ் எழுத்தோ இருந்தால் குழம்ப வேண்டாம். பீரங்கி பில்சனில் பிறந்தது. உறை எங்கே வேண்டுமானாலும் பிறந்திருக்கலாம்.

ஆகவே என் வழக்கம் இது: எழுத்தைப் படிப்பதற்கு முன்னால் வெர்னியர் காலிப்பரை எடுப்பது. வாயின் உள்விட்டம், அடி விளிம்பின் விட்டம், மொத்த நீளம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டா சேகரிப்பவர்கள் இதைச் சுருக்கமாக எழுத ஒரு முறை வைத்திருக்கிறார்கள். போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியின் உறையை 40×311 ஆர் என்பார்கள். 40 விட்டம், 311 உறையின் நீளம், ஆர் என்றால் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெயர் நாட்டுக்கு நாடு மாறும். உறையின் நீளத்தை அப்படி மாற்ற முடியாது. மாற்றினால் அந்தப் பீரங்கியில் ஏறாது. வாயை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல உதாரணம் புடாபெஸ்டிலேயே இருக்கிறது; பின்னால் வருகிறேன்.

எது ஹங்கேரியம்?

1867 உடன்படிக்கைக்குப் பிறகு பேரரசில் மூன்று படைகள் இருந்தன. இரண்டு பாதிகளுக்கும் பொதுவான படை ஒன்று, ஆஸ்திரியப் பாதிக்கு ஒன்று, ஹங்கேரியப் பாதிக்கு ஹொன்வேட். பீரங்கியை வியன்னா எளிதில் ஹங்கேரியர் கையில் கொடுத்துவிடவில்லை. 1848-49 கிளர்ச்சியின் நினைவு அங்கே ஆறியிருக்கவில்லை. 1912-ல் வந்த படைச் சட்டத்துக்குப் பிறகுதான் ஹொன்வேடுக்குச் சொந்தப் பீரங்கிப் பிரிவுகள் அமைந்தன. ஆகவே 1910 என்று ஆண்டு போட்ட களப் பீரங்கி உறையை "ஹங்கேரியப் படையினுடையது" என்று ஒருவர் விற்றால், அப்போது அந்தப் படையிடம் களப் பீரங்கியே கிடையாது என்பதை மரியாதையாகச் சொல்லலாம். அது பொதுப்படையின் உறை. அதைச் சுட்டவர் மகியார் என்னும் ஹங்கேரியராகவோ, செக்காகவோ, குரோட்டாகவோ, போலந்துக்காரராகவோ, ருமேனியராகவோ இருந்திருக்கலாம்.

தயாரிப்பிலும் அதே கதைதான். வியன்னாவுக்குத் தெற்கே, ஒன்றிலிருந்து ஒன்று சில மணி நேர நடைதூரத்துக்குள் ஹிர்ட்டன்பெர்க், என்சஸ்ஃபெல்ட், பெர்ன்டார்ஃப், வோலர்ஸ்டார்ஃப் என்று நான்கு ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பேரரசின் தோட்டாவும் உறையும் பெருமளவில் அங்கிருந்து வந்தன. பெர்ன்டார்ஃப் ஆலை அதற்கு முன்பும் பின்பும் புகழ்பெற்றது கரண்டிக்கும் முள்கரண்டிக்கும்தான். அதன் வணிகச் சின்னம் கரடி. தகட்டை அச்சில் வைத்து அழுத்தத் தெரிந்தவனுக்குக் கரண்டியும் உறையும் ஒரே தொழிலின் இரண்டு கிளைகள். வோலர்ஸ்டார்ஃப் அரசின் நேரடி ஆலை. அங்கே செய்த துப்பாக்கித் தோட்டாக்களின் அடியில் பேரரசின் இரட்டைத் தலைக் கழுகு இருக்கும். கழுகைப் பார்த்துவிட்டு இது அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் தோட்டாக்களில் கழுகு ஆலையின் பெயராகவே வேலை செய்கிறது.

வோலர்ஸ்டார்ஃப் பெயரைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. 1918 செப்டம்பர் 18-ம் தேதி அந்த ஆலையின் ஒரு கூடத்தில் தீப்பிடித்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பலர் சிறுமிகள். ஆண்கள் போர்முனையில் இருந்ததால் மருந்து நிரப்பும் வேலை அவர்கள் தலையில் விழுந்திருந்தது. போர் முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. 1918 என்று ஆண்டு போட்ட உறையைக் கையில் எடுக்கும்போது அதைச் சுட்ட படைவீரனைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஹங்கேரியப் பாதியில் இருந்த பெரிய பெயர் ஒன்றுதான்: செபெல். புடாபெஸ்டுக்குத் தெற்கே, டான்யூப் நதி இரண்டாகப் பிரிந்து ஓடும் இடத்தில் இருக்கும் தீவு. வைஸ் மான்ஃபிரேட் என்பவர் 1880களில் தம் அண்ணனோடு சேர்ந்து இறைச்சி டப்பா ஆலை தொடங்கினார். படைக்கு டப்பா இறைச்சி கொடுத்தவருக்குப் படைக்கே தகரப் பெட்டியும் தோட்டாவும் கொடுக்க வழி திறந்தது. 1890களின் தொடக்கத்தில் ஆலை செபெல் தீவுக்கு மாறியது. முதல் உலகப்போரின்போது பேரரசின் மிகப் பெரிய வெடிமருந்து ஆலைகளில் ஒன்றாக அது வளர்ந்திருந்தது. பல்லாயிரம் பேர் வேலை பார்த்தார்கள்.

அந்த ஆலையின் முத்திரை டபிள்யூ, எம் என்ற இரண்டு எழுத்துகள். மேற்கத்திய விற்பனைப் பட்டியல்கள் அவரை மான்ஃபிரேட் வைஸ் என்று திருப்பி எழுதுகின்றன. அப்படியானால் எம், டபிள்யூ என்றல்லவா இருக்க வேண்டும் என்று தேடி, கிடைக்காமல், "அடையாளம் தெரியாத ஆலை" என்று போட்டுவிடுபவர்களும் உண்டு. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள், சொந்தப் பெயரைப் பிறகு. பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியலைப் போட்டே வளர்ந்த நமக்கு இது உடனே புரிந்துவிடும். லண்டன்காரர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மொழி இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. ஜெர்மன் வழக்கில் எம் முன்னால், எண் பின்னால்: எம். 5. ஹங்கேரிய வழக்கில் எண் முன்னால், எம் பின்னால்: 5 எம். ஹங்கேரியத்தில் எம் என்பது மிந்தா. அதுவும் மாதிரி என்றுதான் பொருள்படும். அதிர்ஷ்டவசமாக இரண்டு மொழியிலும் ஒரே முதலெழுத்து; துரதிர்ஷ்டவசமாக அதனாலேயே பலர் வரிசையைக் கவனிப்பதில்லை. பீரங்கியின் பெயரை எழுதும்போது ஆண்டெண்ணுக்குப் பின்னால் எம் நின்றால் எழுதியவர் ஹங்கேரியமொழியில் யோசித்தவர் என்று ஊகிக்கலாம். பெட்டியிலோ ஆவணத்திலோ ஆட்யூ என்று இருந்தால் நேராகச் சுடும் பீரங்கி. டாராட்ஸ்க் என்றால் ஹோவிட்சர். ஹுவெய் என்றால் உறை.

தேதியும் அப்படித்தான். ஹங்கேரியர்கள் ஆண்டு, மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவார்கள். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது இன்றும் சாதாரணம். பேரரசுக் காலத்துத் துப்பாக்கித் தோட்டாக்களின் அடியிலும் இந்தப் பழக்கத்தைப் பார்க்கலாம். வட்டத்தை நான்கு கூறாகப் பிரித்து, ஒன்றில் ஆலையின் குறி, எதிரில் ரோமன் எண்ணில் மாதம், இரண்டு பக்கமும் ஆண்டை உடைத்து 19 ஒரு புறம், 15 மறுபுறம். பிரிட்டிஷ் உறைகளோடு பழகிய கண் இங்கே தடுமாறும். பிரிட்டிஷ் 18 பவுண்டர் உறையில் இருக்கும் ரோமன் இரண்டு மாதமல்ல, அந்த உறையின் இரண்டாம் வடிவம். அந்த 18-ம் விட்டமல்ல. பவுண்டில் குண்டின் எடை. பிரெஞ்சுக்காரர்கள் 75 என்று மில்லிமீட்டரையே போட்டு, களப் பீரங்கி என்பதற்கு ஓர் எழுத்தும் சேர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு நாடும் தன் அலுவலக வழக்கத்தை உறையின் அடியில் குத்தி வைத்திருக்கிறது. எந்த அலுவலகம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் படித்தால் பிப்ரவரி மாதம் "இரண்டாம் வடிவம்" ஆகிவிடும்.

செம்புப் பஞ்சம்

எம். 5 பீரங்கியின் குழல் எஃகல்ல, வெண்கலம். மற்ற வல்லரசுகள் எஃகுக்கு மாறிய பிறகும் வியன்னா வெண்கலத்தை விடவில்லை. குழல் வெண்கலம், உறை பித்தளை, குண்டைச் சுற்றிய வளையம் செம்பு. மூன்றுக்கும் செம்பு வேண்டும். முதல் உலகப்போரில் பிரிட்டனின் கடல் முற்றுகையால் வெளியிலிருந்து செம்பு வருவது நின்றுபோனது. வீட்டுச் செம்புப் பாத்திரங்களைத் திரட்டினார்கள். தேவாலய மணிகளை இறக்கினார்கள். பேரரசு முழுவதும், ஹங்கேரியக் கிராமங்கள் உட்பட, மணிக்கூண்டுகள் காலியாயின. காலி உறைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் படைகளுக்கு உத்தரவுகள் போயின. பித்தளைக்குப் பதில் எஃகில் தோட்டா உறை செய்து பார்த்ததும் இந்த நெருக்கடியில்தான். எஃகு உறை துருப்பிடித்திருந்தால் அது மட்டமான போலி என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பின்னணியை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு

1920 ஜூன் 4-ம் தேதி கையெழுத்தான டிரியனான் ஒப்பந்தம் ஹங்கேரியின் படையை 35,000 பேராகக் குறுக்கியது. கனரகப் பீரங்கி, டாங்கி, போர் விமானம் எதுவும் கூடாது. எனவே பழைய எம். 5-களும் எம். 14-களும் ஓய்வுபெறவே முடியவில்லை. 1938 மார்ச் 5-ம் தேதி, ஜ்யோர் நகரத்தில் பிரதமர் டாராஞி கால்மான் 100 கோடி பெங்கோ திட்டத்தை அறிவித்தார்; அதில் பெரும்பங்கு படைக்கு. புதுப் பீரங்கிகள் வரத்தொடங்கின. ஆனாலும் 1942-ல் ஹங்கேரியின் இரண்டாம் படை டான் நதிக்கரைக்குப் போனபோது 5/8 எம் (எம். 5-ன் மாற்றுவடிவம்), 14 எம் என்ற கிழட்டுப் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டுதான் போனது. 1943 ஜனவரியில் அந்தப் படை அங்கேயே சிதறிப்போனது. 1905 மாதிரிப் பீரங்கிக்கான உறையில் 1940களின் ஆண்டெண் இருப்பதும், அது ரஷ்ய வயலொன்றில் கிடைப்பதும் முரண் அல்ல. மாதிரியின் ஆண்டு வேறு, உறையின் ஆண்டு வேறு.

புது வரவுகளில் முக்கியமானவை ஸ்வீடனின் போஃபர்ஸ் வடிவங்கள். நமக்கு 1987-க்குப் பிறகு வேறு காரணத்துக்காகப் பழகிப்போன அதே பெயர்தான். 40 மில்லிமீட்டர் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஹங்கேரி உரிமம் வாங்கிச் செய்து 36 எம் என்று பெயரிட்டது. நிம்ரோட் என்ற கவச வண்டியிலும் அதையே பொருத்தியது. அதற்கு முன்பே வந்த 29 எம் விமான எதிர்ப்புப் பீரங்கியின் பெயரிலும் 8 சென்டிமீட்டர் இருக்கிறது. இந்த எட்டு நிஜமான எட்டு; 80 மில்லிமீட்டர். ஆக, ஒரே படையில், ஒரே காலத்தில், "8 சென்டிமீட்டர்" என்ற பெயரில் 76.5 ஒன்றும் 80 ஒன்றும் இருந்தன. கிடங்குப் பொறுப்பாளர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

போருக்குப் பிறகு செபெல் ஆலை அரசுடைமையானது. 1950-லிருந்து 1956 வரை அதற்குக் கம்யூனிஸ்ட் தலைவர் ரகோசி மாத்யாஷின் பெயர். பிறகு வெறும் செபெல் இரும்பு-உலோக ஆலை. ஆலைப் பெயர்கள் மறைந்து எண்கள் வந்தன. சோவியத் வழக்கப்படி ஆலைக்கு ஒரு ரகசிய எண், ஆண்டு, தொகுதி எண், அவ்வளவுதான். ஹங்கேரியத் துப்பாக்கித் தோட்டாக்களில் இப்படி 21, 23 என்ற எண்களைப் பார்க்கலாம். 85 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டர், 122 மில்லிமீட்டர் என்று பீரங்கிகளும் சோவியத் வடிவங்களாகிவிட்டதால் அடியை மட்டும் வைத்து நாட்டைச் சொல்வது முன்பைவிடக் கடினமானது.

இந்தக் காலத்து உறைகளுக்கு அடியைவிடப் பக்கவாட்டுதான் அதிகம் பேசும். கறுப்பு மையில் அச்சுத் தகடு வைத்துத் தீட்டிய வரிகள்: எந்தப் பீரங்கி, முழு மருந்தா குறைத்த மருந்தா, மருந்தின் வகை, தொகுதி, நிரப்பிய இடம். அதில் 9/7 போல ஒரு பின்னம் வரும். தேதி என்று பலர் எடுத்துக்கொள்வது இதைத்தான். உண்மையில் அது மருந்து மணியின் வடிவம்: மேல் எண் மணியின் சுவர்க் கனத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது, கீழ் எண் மணிக்குள் எத்தனை துளைகள் என்பது. 9/7 என்றால் ஏழு துளையுள்ள மணி, சுவர் 0.9 மில்லிமீட்டர் வாக்கில். ஏன் ஏழு துளை? மணி எரியும்போது வெளிப்பரப்பு சுருங்கும்; துளைகளின் உட்பரப்போ விரியும். ஆகவே வாயு வெளிவரும் வேகம் குறையாமல் நிற்கும், குண்டு குழலைத் தாண்டும்வரை தள்ளு இருக்கும்.

இனி முன்பு சொன்ன புடாபெஸ்ட் உதாரணம். 1944 டிசம்பர் கடைசியில் சோவியத் படை நகரைச் சூழ்ந்தது. 1945 பிப்ரவரி 13-ம் தேதி நகரம் விழுந்தது. அந்த ஐம்பது நாளில் தெருத் தெருவாகச் சுட்டுத் தள்ளிய சோவியத் களப் பீரங்கிகளில் முக்கியமானது 76.2 மில்லிமீட்டர் சிஸ்-3. பழைய பேரரசுப் பீரங்கியோ 76.5. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். சுட்ட உறையின் வாய் கொஞ்சம் விரிந்திருக்கும், கொஞ்சம் நசுங்கியிருக்கும், அறுபது எழுபது ஆண்டு மண்ணில் கிடந்திருக்கும். அதை வாயை அளந்து பிரிக்க எந்தக் காலிப்பராலும் முடியாது. தோட்டத்தில் கிடைத்தது, விட்டம் எழுபத்தாறு சொச்சம், எனவே தாத்தா காலத்து ஹங்கேரியப் பீரங்கி என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது! நீளம்தான் இங்கே தீர்ப்புச் சொல்லும். சோவியத் உறை 385 மில்லிமீட்டர் நீளம். அதோடு அடியில் ரஷ்ய எழுத்து ஒன்றாவது இருக்கிறதா என்று விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் போகும். நேராக வெளிச்சம் அடித்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. பக்கவாட்டில் டார்ச்சை அடிக்க வேண்டும், நிழல் எழுத்தைத் தூக்கிக் காட்டும்.

பக்கவாட்டில் பொறித்த பெயர்

சந்தையில் உறையின் விலையை ஏற்றுவது அடி முத்திரையல்ல, உடம்பில் பொறித்த அலங்காரம். முதல் உலகப்போரில் இத்தாலியோடு மோதிய இசொன்சோ போர்முனையில் பதுங்குகுழிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆணியும் சின்னச் சுத்தியுமாகப் படைவீரர்கள் இலை, பூ, கழுகு, ஊர்ப்பெயர், ஆண்டு என்று தட்டியிருக்கிறார்கள். ஸ்லோவேனியாவில் கொபாரிட் ஊரின் போர் அருங்காட்சியகம் அந்தப் போர்முனைக்கென்றே இருக்கிறது. ஹங்கேரியர் நெஞ்சில் தனியிடம் பிடித்தது அதே முனையின் டொபெர்டோ மேடு. உறையில் டொபெர்டோ என்றோ, நினைவு என்று பொருள்படும் எம்லேக் என்றோ இருந்தால் பொறித்தவரோ வாங்கியவரோ ஹங்கேரியர் என்று நம்பக் காரணம் உண்டு. ஆனால் அவர் பொறிக்க எடுத்த உறை எதிரியான இத்தாலியனுடையதாகவும் இருக்கலாம். கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடத்தில் மாமா பெயர் வெட்டியிருந்தால் குடத்தை மாமாவா செய்தார்? அந்தப் பொறிப்பு உறை யார் வீட்டுக்குப் போனது என்ற கதை. பிறந்த கதையை அடியில்தான் தேட வேண்டும். இரண்டும் பொருந்தாமல் போகும் உறைதான் எனக்குப் பிடித்தது.

வீட்டுக்கு வந்த உறையை என்ன செய்வது என்பதிலும் ஒரு வார்த்தை. பித்தளை என்றதும் கை தானாகப் புளியைத் தேடும். வேண்டாம். புளியும் எலுமிச்சையும் கறுப்பை எடுக்கும்போது மையில் தீட்டிய வரிகளையும் சேர்த்து எடுத்துவிடும். அழுத்தித் தேய்த்தால் ஆழமில்லாத சோதனைக் குறிகளும் மழுங்கும். பளபளக்கும் உறை பெரும்பாலும் பாதி ஊமையான உறை. தூசியை மட்டும் துடைத்து, அடியையும் பக்கத்தையும் படமெடுத்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.

வாய்ப்பக்கம் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அது சுடும்போது வந்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த நோய்க்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பே உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்தால் ஒருமுறைகூடச் சுடாத பித்தளை உறைகள் தாமாகவே விரிசல் விட்டுக் கிடந்தன. பருவத்தோடு வந்ததால் பருவ விரிசல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஒரு பக்கம். அச்சில் இழுத்தபோது பித்தளைக்குள் சிக்கிக்கொண்ட இறுக்கம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்தால் உலோகம் பிளக்கும். செய்து முடித்த உறையை மிதமான சூட்டில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது பிறகு வழக்கமானது. அவசரத்தில் செய்த போர்க்கால உறைகளில் இறுக்கம் மிச்சமிருக்கலாம். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

கடைசியாக, அடியின் நடுவில் இருக்கும் அந்தப் பொத்தான். அதுதான் ப்ரைமர், ஊசி குத்தியதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் பாகம். நடுவில் ஊசி விழுந்த பள்ளம் தெளிவாகத் தெரிந்தால், அல்லது ப்ரைமரையே கழற்றிவிட்டு வெறும் ஓட்டை இருந்தால், உறை காலி என்பதற்கு அது ஓர் அறிகுறி. ஆனால் குத்தியும் பற்றாமல் போன ப்ரைமர்களும் உண்டு. ஆகவே வாய்வழியாக அடிவரை வெளிச்சம் அடித்து உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்தாக வேண்டும். பள்ளம் இல்லை, அல்லது வாயில் இன்னும் குண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் எழுத்துப் படிக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தொடாமல், நகர்த்தாமல், போலீஸைக் கூப்பிட வேண்டியதுதான்.